மணத்துக்குப் பன்னிரண்டு

ஜூன் 2, திங்கள்

காலை ஆறரைக்குப் பெங்களூரு. இளமதி ஆட்டோவோடு வந்து நின்றாள். மரகதத்துக்கு இரவெல்லாம் பஸ்ஸில் முழங்கால் வலி. எனக்கு ஒன்றும் இல்லை.

இந்த டைரியில் நான் லாட் நம்பரும் ஏலக்காயின் தரமும்தான் எழுதுவது வழக்கம். பச்சை எப்படி, பருமன் எப்படி, மணம் எப்படி என்று எழுதி, கடைசியில் ‘பார்த்தவர்: தவசி’ என்று முடிப்பேன். முப்பத்தொரு வருடத்து டைரிகளிலும் அந்த இடத்தில் வேறு பெயர் கிடையாது. இப்போது சீசன் இல்லை. போடிக் கடையை மைத்துனன் பார்த்துக்கொள்கிறான். பக்கங்கள் சும்மா கிடக்கின்றன, எழுதுகிறேன்.

சித்திரையில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு உடம்பு தேறவில்லை, இடம் மாறினால் சரியாகும் என்று மரகதம்தான் கிளப்பிக்கொண்டு வந்தாள். சோறு ருசிக்கவில்லை, அவ்வளவுதான். அரிசி மாறியிருக்கும்.

இளமதி பியர் காய்ச்சுகிற வேலையில் இருக்கிறாள். கோயம்புத்தூரில் பயோடெக் படிக்கவைத்தது இதற்காக இல்லை. சொந்தக்காரர்களிடம் ஜூஸ் கம்பெனி என்று சொல்லியிருக்கிறோம். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

ஜூன் 3, செவ்வாய்

அவள் வேலை செய்யும் இடத்தைப் பார்த்தேன். முன்பக்கம் சாப்பிடும் இடம், பின்பக்கம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் ஸ்டீல் டேங்குகள். முதலாளி பொன்னப்பா, குடகுக்காரர். தமிழர் அதிகமுள்ள அல்சூரில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுகிறார்.

நாலாவது டேங்கில் இருப்பது இளமதியே கணக்குப் போட்டுக் காய்ச்சிய முதல் சரக்கு. டபுள் ஐ.பி.ஏ. என்று பெயர். சாதா பியரைவிடக் கசப்பும் அதிகம், போதையும் அதிகம். அடுத்த வியாழக்கிழமை நாலு பேர் குடித்துப் பார்த்து ஐம்பதுக்கு மார்க் போட வேண்டும். சராசரி முப்பத்தைந்து வந்தால் வாசல் போர்டில் பெயர் ஏறும். வராவிட்டால் மொத்தமும் சாக்கடைக்குப் போகும். அந்த இடத்தில் அதுதான் சட்டம். போன வருடம் ஒருவன் சரக்கு அப்படிப் போனதாம், அடுத்த மாதம் அவனும் போய்விட்டானாம்.

மார்க் போடும் நாலு பேரில் நானும் ஒருவன் என்றாள்.

“சார், எங்கப்பா போடியில ஏலக்கா வியாபாரி. பதினாறு வயசுல கண்ணைக் கட்டிவிட்டு மூணு தட்டு நீட்டுனாங்களாம். புதுசு எது, பழசு எது, கலப்படம் எதுன்னு சொன்னாராம். ஊருல இப்பவும் மூக்குத் தவசின்னுதான் கூப்புடுவாங்க.”

பொன்னப்பா எழுந்து நின்று கை கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது.

பழகுவதற்காக வேறு ஒரு கடையின் டபுள் ஐ.பி.ஏ.வை ஊற்றிக் கொடுத்தாள். சனிக்கிழமை ராத்திரி நான் இரண்டு பெக் போடுவது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அவள் பிறந்ததிலிருந்து இரண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்துவிட்டோம். இன்றைக்கு அவள் கையால் வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன்.

“என்னப்பா செவுத்தைப் பாத்துக் குடிக்கிறீங்க? இது ஆபீஸ் வேலை. இங்கிட்டுத் திரும்புங்க.”

கசந்தது. பிறகு கொஞ்சம் தித்திப்பு, பிறகு நெஞ்சில் சூடு. வேறு ஒன்றும் இல்லை.

“மாம்பழம் தெரியுதா? ஆரஞ்சுத் தோல்?”

“தெரியுது.”

எங்கே தெரிந்தது? ஏலத்தில் சாம்பிள் காய்த் தட்டு சுற்றிவரும்போது தெரியாததைத் தெரியவில்லை என்று ஒருவனும் சொல்ல மாட்டான். முகத்தை மாற்றாமல் அடுத்த தட்டுக்குப் போய்விட வேண்டும். மார்க் தாளைக் கொடுத்தாள். மணத்துக்குப் பன்னிரண்டு, பார்வைக்கு மூன்று, சுவைக்கு இருபது, வாயில் நிற்கிற விதத்துக்கு ஐந்து, மொத்தத்துக்குப் பத்து. பார்வைக்கு வெறும் மூன்றா! எங்கள் தொழிலில் பாதி விலையைக் கண்தான் சொல்லும்.

கசப்பை மாம்பழம் என்று சொல்லி விற்கிறார்கள், வாங்குகிறவனும் மாம்பழம் என்று தலையாட்டுகிறான். என்ன வியாபாரம் இது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஜூன் 4, புதன்

காலையில் அடுப்பில் பால் தீய்ந்துவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மரகதம் குளித்துவிட்டு ஓடிவந்து அணைத்தாள். திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எதற்குப் பார்த்தாள்?

ஜூன் 5, வியாழன்

இந்த ஊருக்கு வாசமே கிடையாது. பூக்காரி தட்டைத் தாண்டினேன், பேக்கரியைத் தாண்டினேன், ஒன்றும் இல்லை. குளிர்ச்சியில் மணம் மேலே எழும்பாதுபோல.

ஜூன் 6, வெள்ளி

இன்று டேங்கில் ஹாப்ஸ் போடும் நாள். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் பூக்கிற பூ. பியருக்குக் கசப்பும் மணமும் அதிலிருந்துதான். கப்பலில் வருகிறது. பொடித்து அழுத்தி, கோழித் தீவனம் மாதிரி பச்சைக் குச்சிகளாக வெள்ளிப் பையில் அடைத்திருந்தார்கள்.

“அப்பா, குளிர் ரூமுக்குள்ள போய்ப் போய் எனக்கு ரெண்டு நாளாச் சளி. மூக்கு அடைச்சுக் கெடக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்க, சரக்கு எப்புடி?”

நாலு குச்சியை உள்ளங்கையில் போட்டு நசுக்கினேன். சூடு ஏறத் தேய்த்தேன். இரண்டு கையையும் குவித்து மூக்கில் வைத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி தேய்த்தேன். மண்ணாங்கட்டி.

“செத்த சரக்கும்மா இது.”

“பையில தேதி போன வருசம்தான்ப்பா போட்டிருக்கு.”

“லேபிள் ஒட்டுனவன் எழுதுற தேதிதான? போடியில ஒட்டு மாத்துறவனை நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். உன்னைய நல்லா ஏமாத்திட்டான்.”

“ரோசலினையும் ஒருதடவை கேட்டுக்கவா?” ரோசலின் அங்கே சமையல்கட்டுக்குத் தலைவி.

“கேளு. உங்கப்பன் மூக்கைவிடக் கறிக்கொழம்பு வைக்கிற மூக்கு பெருசுன்னா தாராளமாக் கேளு.”

சிரித்தாள். கேட்கவில்லை. “அப்ப ரெண்டு மடங்கு போட்டாத்தான் வாசம் நிக்கும்.”

“போடு.”

பழக்கதோஷத்தில் கையில் இருந்த தூளைத் தரையில் வீசிவிட்டேன். ஏலத்தில் பார்த்து முடித்த காயைத் தரையில்தான் போடுவோம், சாயங்காலம் ஏலக்காய் மேலேதான் நடந்து வெளியே வருவோம். பொன்னப்பா தலையில் அடித்துக்கொண்டு துடைப்பத்தைத் தேடினார். “சார், இது நம்ம ஆபரேஷன் தியேட்டர் சார்!”

வீட்டுக்கு வந்ததும் மரகதம் கேட்டாள். “கையில என்ன, இப்புடி நாரத்தங்கா வாடை அடிக்குது?”

அங்கே கை கழுவிய சோப்பாக இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்றைய சாம்பார் ஊசிப்போனதாம். நான் இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்ட பிறகு சொல்கிறார்கள். புளிப்பு தெரிந்தது, இந்த ஊர்த் தக்காளி என்று நினைத்தேன். அம்மாவும் மகளும் சமையலறையில் குசுகுசுவென்று பேசினார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். மகள் கல்யாணப் பேச்சாக இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பிறகு படித்துப் பார்த்தாலாவது விளங்குகிறதா பார்க்கலாம்.

காலை பதினொன்றரை. பொன்னப்பா, ரோசலின், வாடிக்கையாளர் ஒருவர், நான். வாடிக்கையாளர் தாடி வைத்த கம்ப்யூட்டர் ஆள், இருபது நாட்டுப் பியர் குடித்தவராம். காய்ச்சியவர் மார்க் போடக்கூடாது என்பதால் இளமதி தள்ளி நின்றாள். நாலு டம்ளரிலும் மாம்பழச் சாறு மாதிரி கலங்கலாக மஞ்சள் நிறம்.

“பெரியவங்க மொதல்ல சொல்லட்டும்” என்றார் பொன்னப்பா.

ஒரு வாய் குடித்தேன். கசப்பு, தித்திப்பு, சூடு. அதற்குப் பிறகு தொண்டையில் அரம் வைத்து இழுத்த மாதிரி ஒரு அரிப்பு. இதுதான் இந்தச் சரக்கின் லட்சணம்போல என்று விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது மாம்பழம். “மாம்பழம் அருமையா வந்துருக்கு. வாசம் மட்டும் கொஞ்சம் கம்மி. இன்னும் ஒரு கை தூக்கலாப் போட்டிருக்கலாம்.”

தாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ரோசலின்தான் மெதுவாகச் சொன்னாள். “அங்கிள், கதவைத் தொறக்கறப்பவே குப்புனு அடிச்சுதே. புல்லு வெட்டுன மெஷின்ல மூஞ்சிய வச்ச மாதிரி இருக்கு. உங்களுக்குக் கம்மியாவா இருக்கு?”

நான் எழுந்து டம்ளரை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனேன். நுரை மூக்கில் பட்டது. நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சராசரி இருபத்தொன்பது. அதுவும் நான் மணத்துக்குப் பத்து போட்டதால்.

“இளமதி, ஹாப்ஸ் எவ்ளோ போட்டே?”

“ரெண்டு மடங்கு சார்.”

“ஏன்?”

அவள் என் பக்கம் ஒரு நிமிடம் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. ஏதோ கணக்கு அவளுக்கு நேரானது மாதிரி இருந்தது.

“நான்தான் சார் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்.”

சனிக்கிழமை சாயங்காலம் டேங்கைத் திறந்துவிட வேண்டும், அடுத்த சரக்குக்கு இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டார் பொன்னப்பா.

ஆட்டோவில் வரும்போது அவள் போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மரகதம் டீக்கு என்று போடியிலிருந்து ஒரு டப்பாவில் ஏலக்காய் கொண்டுவந்திருக்கிறாள். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து எடுத்தேன். எட்டு மில்லிமீட்டர், கிளிப் பச்சை, உள்ளே கறுத்த விதை, ஒட்டும் பசை. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. உடைத்து மூக்கில் வைத்தேன். மென்றேன். நாக்கில் குளிர்ச்சி ஏறியது. மணம் வரவில்லை.

இன்னொன்று உடைத்தேன். இப்படியே பதினொன்று.

கலப்படம் என்று சொல்லலாம், பழசு என்று சொல்லலாம், டப்பாவைச் சரியாக மூடவில்லை என்று சொல்லலாம். ஆனால் இது என் குடோன் சரக்கு. தை மாதம் நானே கையால் பொறுக்கி வீட்டுக்கு என்று எடுத்துவைத்தது. பார்த்தவர்: தவசி.

மரகதம் வந்தபோது தரையெல்லாம் தோல் கிடந்தது. பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளா உனக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“காச்சல் விட்ட மறுவாரம். பூசை ரூம்புல சாம்பிராணி போட்டுட்டு வாறேன், இன்னிக்குப் போடலையான்னு கேட்டீங்க.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“மூக்குத் தவசிகிட்டப் போயி உனக்கு மூக்கில்லைன்னு யாரு சொல்றது? நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். அதுவரைக்கும் அடுப்புக் கேஸை நானே அடைச்சுக்கிட்டேன்.”

இளமதி வந்ததும் சொன்னேன். நின்றபடியே கேட்டாள். அழுதிருந்தால் தேவலை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தெரியாமச் சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களாப்பா?”

சத்தியமாக ஹாப்ஸைத் தேய்த்தபோது எனக்குத் தெரியாது. ஆனால் பால் தீய்ந்த அன்றைக்குத் தெரியாமலா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்? தெரியாமலா காய்ச்சலுக்குப் பிறகு, சீசன் கடைசி ஏலங்களில் புதுத் தட்டு எதையும் முதல் ஆளாக வாங்காமல், அடுத்தவன் முகத்தைப் பார்த்துவிட்டு விலை கேட்டேன்? ஒரே ஆளுக்கு ஒரு விஷயம் தெரிந்தும் தெரியாமலும் இருக்குமா?

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 14, சனி

காலை ஒன்பது மணிக்கே தனியாகப் போனேன். பொன்னப்பா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“சார், கணக்குத் தப்பு பாப்பாவோடது இல்ல. சரக்கு செத்துருச்சுன்னு சொன்னது நான். எனக்கு மூக்கு போய் ரெண்டு மாசம் ஆச்சு.”

இப்படி ஒரு வாக்கியத்தை வாயால் சொல்லிவிட்டேன். போடியில் இதைச் சொன்னால் மறுநாள் என் கடைக்கு ஆள் வர மாட்டான். பொன்னப்பா ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார்.

“அதான் மணத்துக்குப் பத்தா!” என்றார். பிறகு, “சாரி சார்” என்றார்.

“சாரி இருக்கட்டும். அந்தத் தொண்டை அரிப்பு தானாத் தணியுமா, தணியாதா?”

“தணியும். குளிர்ல பத்து நாள் அசையாம வச்சா ஹாப்ஸ் தூள் அடியில படியும். புல்லு வாடையும் கொறையும். ஆனா டேங்க் வேணுமே சார். அதுவும் போக, தணிஞ்சிடுச்சான்னு யார் பாக்கறது? அந்த வாசத்துல நமக்கு ரெண்டாவது வாயிலயே நாக்கு கொழம்பிப் போகுது.”

“எனக்கு எது கொழப்பும்?”

அவர் யோசித்தார். நான் விடவில்லை. வாங்குகிறவன் யோசிக்கும்போது பேசாமல் இருக்கக் கூடாது. “டேங்க் வேணாம். சின்ன ஸ்டீல் பீப்பாயில மாத்தி உங்க குளிர் ரூம்புல மூலையில போடுங்க. நெதம் ஒரு வாய் குடிச்சு அரிப்புக்கு மட்டும் மார்க் சொல்றேன். வேற வாசம் எதுவும் என்கிட்ட வந்து பொய் சொல்லாது. பத்தாம் நாள் மறுபடி நாலு பேரும் உக்காருவோம்.”

“மாம்பழம்னு சொன்னீங்களே சார் அன்னிக்கு.”

“அது வியாபாரப் பேச்சு. இது நாக்கு.”

சம்மதித்தார். ஒரு நிபந்தனை போட்டார்: தரையில் எதையும் வீசக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

அரிப்பு, பத்துக்கு எட்டு. இளமதி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 16, திங்கள்

எட்டு. மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் மூக்குக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். காய்ச்சல் சில பேருக்கு இப்படிச் செய்யுமாம். வரலாம், வராமலும் போகலாம் என்றார். இப்படிப் பேசினால் எங்கள் ஊரில் ஒரு மூட்டை விற்க முடியாது.

ஜூன் 17, செவ்வாய்

எட்டு என்று எழுதினேன். ஏழரை என்று சொல்ல ஆசை வந்தது. எட்டுதான்.

ஜூன் 18, புதன்

ஆறு! மறுபடி குடித்துப் பார்த்தேன். ஆறுதான். இளமதி டம்ளரோடு வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் வைத்திருந்தாள்.

ஜூன் 19, வியாழன்

ஆறு. எனக்குக் கசப்பு இப்போது முன்னைவிடப் பிரிந்து தெரிகிறது. நாக்கு நுனியில் ஒன்றும் இல்லை, அடிநாக்கில் வந்து விரிகிறது. வேப்பங்கொழுந்தின் கசப்பு இல்லை, பாகற்காயும் இல்லை. மணம் இல்லாத கசப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று விளங்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஐந்து.

“இன்னிக்கு எவ்ளோப்பா?” என்று கேட்டாள். ஏழு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

“அஞ்சு.”

“நெசமாவா, எனக்காகச் சொல்றீங்களா?”

“உனக்காகச் சொன்னதுதான உன்னைய இங்க கொண்டாந்து நிறுத்திருக்கு. அஞ்சுதான்.”

டம்ளரில் மீதி இருந்ததை வாங்கி அவளும் குடித்தாள். “எனக்கு இன்னும் ஆறுப்பா.”

“உனக்கு மூக்கு குறுக்க வருது.”

கொஞ்சமாகச் சிரித்தாள். போதும்.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று.

ஜூன் 23, திங்கள்

இரண்டு. தூக்கம் வரவில்லை. பதினாறு வயதில் கண்ணைக் கட்டியபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அதே நாலு பேர், அதே மேஜை. கலங்கல் தெளிந்து, நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தது. பொன்னப்பா இந்தத் தடவையும் என்னைத்தான் முதலில் சொல்லச் சொன்னார்.

“அரிப்பு ஒண்ணு. கசப்பு நீளம், ஆனா முள்ளு இல்ல. தித்திப்பு அளவு. வாயில எண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது. மணம் எனக்குத் தெரியலை.”

தாடிக்காரர் சிரிக்கவில்லை. ரோசலின் என் டம்ளரை வாங்கி ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் ஆறுதலாக இருந்தது.

தாளில் மணத்துக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன். பொன்னப்பா கூட்டிப் பார்த்தார். “சார், உங்களோடது முப்பத்தெட்டுக்கு முப்பத்தொண்ணுதான் வருது. அம்பதுக்கு எப்படிச் சேர்க்கறது?”

“சேர்க்காதீங்க. அந்தக் கட்டத்தை மத்த மூணு பேரை வச்சு முடிவு பண்ணுங்க.”

கம்ப்யூட்டர்காரர்தான் போனில் தட்டிக் கணக்குப் போட்டார். சராசரி முப்பத்தொன்பது.

இளமதி சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஸ்டூல் ஆடியது, நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் மரகதத்தையும் வரச் சொல்லியிருந்தார் பொன்னப்பா. வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி ஒரு இடத்துக்குள் வந்தாள். நாற்காலி நுனியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் இளமதியும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். சுவரைப் பார்க்கவில்லை. மகள் நீட்டிய டம்ளரிலிருந்து மரகதம் சாமி தீர்த்தம் மாதிரி ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள்.

“அய்யய்ய! இதுக்கா இம்புட்டுப் பாடு? வேப்பெண்ணெய்க்கு அக்கா!”

பக்கத்து மேஜைக்காரர்களும் சிரித்தார்கள். அவள் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் நிறுத்தி, இன்னொருதரம் மூக்கருகே கொண்டுபோனாள்.

“ஆனா வாசம் நல்லாத்தான் இருக்கு. ஊறுகாய்க்கு நாரத்தங்காயை அருவாமனையில வச்சு வகுந்ததும் மொதல்ல ஒண்ணு வருமே, அது. காரம், உப்பு எதுவும் போடறதுக்கு முந்தி.”

எனக்குத் தெரியும் அந்த மணம். கண்ணில் தெறித்து எரியும் சாறுகூட நினைவு வந்தது. மூக்கில் வரவில்லை. நான் மறுபடி ஒரு வாய் குடித்தேன். கசப்புதான் வந்தது, ஆனால் இந்தத் தடவை அது நாரத்தங்காயின் கசப்பாக இருந்தது. ஏமாற்றா, நிஜமா, என்ன கணக்கு இது, புரியவில்லை.

ஆடி பிறந்தால் சீசன். தட்டுகள் வரும். என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. மரகதத்தை ஏலத்துக்கு வரச் சொன்னால் போடி என்ன சொல்லும் என்றும் தெரியவில்லை. அவளிடம் கேட்டதற்கு, “மொதல்ல முழங்காலுக்கு ஒரு நாக்காலி போடச் சொல்லுங்க” என்றாள்.

விட்டுப்போன பதிவு:

டபுள் ஐ.பி.ஏ., நாலாம் டேங்க். நிறம் நல்லெண்ணெய், தெளிவு. கசப்பு நீளம். அரிப்பு பத்துக்கு ஒன்று. மணம் நாரத்தங்காய், வகுந்த மாத்திரத்தில்.

பார்த்தவர்: தவசி. மணம் மட்டும்: மரகதம்.